ஊர் வேண்டாம் என்று சொன்னால் மாநிலம் தடுக்கலாமா? (குடும்ப தின வாத்துப் போட்டியை முன்வைத்து)

சிப்புட்வாசி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தாத்தா, அப்பா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள்). தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போன பிறகு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம் எங்களுடையது. போன பொங்கலுக்கு எங்கள் தாமான் திடலில் குடும்ப தினம் வைத்தார்கள். கோலம், உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியில் வாத்து பிடிக்கும் போட்டி. தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிய இடத்தில் இருபது வாத்துகளை விட்டு, நாற்பது ஐம்பது பிள்ளைகளை இறக்கினார்கள். பிடித்த வாத்து பிடித்தவருக்கே.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இறக்கை ஒரு பக்கம் தொங்கியது. அவளுக்கு முன்பே இரண்டு பையன்கள் ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மைலோ பெட்டிக்குள் துணி விரித்துப் படுக்க வைத்தோம். மறுநாள் காலையில் அது செத்துக் கிடந்தது. "அப்பா, நான் பிடிக்காமல் விட்டிருந்தால் செத்திருக்காதா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஊராட்சி மன்றத்துக்குக் கடிதம் போட்டேன். பொதுத் திடலில் உயிருள்ள பிராணிகளை விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது என்று ஒரு துணைச் சட்டம் கொண்டு வாருங்கள் என்று கேட்டிருந்தேன். அப்படி ஒரு விதி தங்களிடம் இல்லை, மாநிலத்தைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. மாநில அலுவலகத்தில் கேட்டால் ஊராட்சி மன்றத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அப்போதுதான் மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் இருக்கிறது. அங்கே மலைப் பக்கத்தில் பிராஸ்டவுன் என்ற சின்ன ஊர். புத்தாண்டு இரவில் ஓர் ஒபோசத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, கயிறு கட்டி மேலே தொங்கவிட்டு, நள்ளிரவில் மெல்ல மெல்லக் கீழே இறக்கிவந்தார்கள். கீழே கூட்டம், பாட்டு, வெடிச் சத்தம். ஒபோசம் பூனை அளவுள்ள பிராணி, கங்காரு மாதிரி பை உள்ள இனம். இரவில் நடமாடும், மனிதரைக் கண்டால் ஒதுங்கும். மிகவும் பயந்துவிட்டால் செத்தது போல விழுந்துவிடும். அது நடிப்பு இல்லை, அதன் கட்டுப்பாட்டிலும் இல்லை. உடம்பு தானாக உறைந்துபோகிறது. அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு "அது பாட்டுக்குச் சும்மாதானே இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

விலங்குரிமை அமைப்பான பீட்டா வழக்குப் போட்டது. வனவிலங்கு ஆணையம் இதற்கு அனுமதி கொடுக்க அதிகாரம் இல்லை என்று 2012ல் ஒரு நிர்வாக நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாநில சட்டமன்றம் அடுத்தடுத்து சட்டத்தை மாற்றியது. 2015ல் வந்த சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 29 முதல் ஜனவரி 2 வரை, வனவிலங்குகளைப் பிடிப்பது, அடைத்து வைப்பது, நடத்துவது, விடுவிப்பது பற்றிய மாநிலச் சட்டமோ உள்ளூர் விதியோ எதுவும் ஒபோசத்துக்குப் பொருந்தாது. ஐந்து நாளைக்கு அந்த ஒரு பிராணிக்கு மட்டும் சட்டமே கிடையாது! பக்கத்து ஊர் ஒன்று "எங்கள் ஊரில் இது வேண்டாம்" என்று விதி போட்டாலும், அந்த ஐந்து நாள் அது செல்லாது.

என் கேள்வி இதுதான். கொடுமையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஓர் ஊரிடமிருந்து மேலே இருப்பவர்கள் பறிக்கலாமா? நம் நாட்டிலும் அப்படி நடக்க வழி இருக்கிறதா?

---

கோழிக்கூண்டு | ஞாயிறு, இரவு 9.42

அண்ணே, உங்கள் மகள் கேட்டதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் பக்கம் கோழி பிடிக்கும் போட்டியும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வாத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைத்தாலும் சாகத்தானே போகிறது?

---

சிப்புட்வாசி | ஞாயிறு, இரவு 9.55

தம்பி, நானும் கறி சாப்பிடுகிறவன்தான். பாசாரில் (சந்தையில்) அறுப்பது ஒரு நிமிடத்தில் முடிகிறது. இதுவோ அரை மணி நேரம் துரத்தி, இழுத்து, அதைப் பார்த்துச் சிரிப்பது. சாவு இரண்டிலும் உண்டு, சரி. ஆனால் வேடிக்கைக்காக நோகடிப்பது இதில் மட்டும்தான் இருக்கிறது.

---

கிராணி வீட்டுப் பெண் | ஞாயிறு, இரவு 10.30

அண்ணா, நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் கூட்டரசு (மத்திய அரசு) அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு: கூட்டரசு, மாநிலம், இரண்டுக்கும் பொதுவானது. பிராணி வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் முரண்பட்டால் கூட்டரசுச் சட்டம்தான் நிற்கும். ஊராட்சி மன்றங்கள் மாநிலப் பட்டியலில் வருகின்றன.

இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம். 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. பிராணியை வதைத்தால் குறைந்தது 20,000 வெள்ளி (ரிங்கிட்), அதிகம் போனால் 100,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிராணிகளைச் சண்டைக்கு விடுவதும் குற்றம். அதற்கு முன்பிருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் பல காலம் அபராதம் வெறும் 200 வெள்ளிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். இதை அமல்படுத்துவது கால்நடை சேவைத் துறை. எனவே வாத்துக்கு நடந்ததைப் பற்றி நீங்கள் அங்கேயே புகார் கொடுத்திருக்கலாம்.

உங்கள் அடுத்த கேள்விதான் முக்கியம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்றம் துணைச் சட்டம் போடலாம். ஆனால் மாநில அரசு உறுதிப்படுத்தும் வரை அது செல்லாது. அதாவது வட கரோலினா மாதிரி தனியாக ஒரு சட்டம் போட்டு ஊரைத் தடுக்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை. கோப்பைக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாலே போதும். அங்கேயாவது சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும், பத்திரிகையில் வரும். இங்கே எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

---

முனியாண்டி பிள்ளை | திங்கள், காலை 7.05

பசியாறிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன். நான் மாற்றுக் கருத்து சொல்லப் போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோவிலில் வருடத்துக்கு ஒரு தடவை கிடா வெட்டுகிறோம். என் பூட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. அந்த ஒரு நாளுக்காக ஜோகூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். நாளைக்கு உங்கள் ஊராட்சி மன்றம் "பொது இடத்தில் பிராணிகளுக்குக் கொடுமை கூடாது" என்று விதி போட்டால், முதலில் எங்கே வந்து நிற்பார்கள்? வாத்துப் போட்டியிலா, எங்கள் கோவிலிலா? கோவில் நிலத்துக்கே பட்டா இல்லாமல் ஒவ்வொரு வருடமும் பயந்து பயந்து திருவிழா செய்கிறவர்கள் நாங்கள்.

இன்னொன்று. நம் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965ல் உள்ளூர்த் தேர்தலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நியமனம்தான். சிப்புட்வாசி அண்ணன் "ஊர் வேண்டாம் என்றால்" என்கிறார். எந்த ஊர்? யார் சொன்னால் அது ஊர் சொன்னதாக ஆகும்? நம்மைப் போல எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு மேலே இருக்கிற சட்டம்தான் குடை. ஊருக்கு ஊர் ஒரு விதி என்று விட்டுவிட்டால் நனைவது நாம்தான்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லிக்கட்டை 2014 மே மாதம் டில்லி உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து காப்பாற்றியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு நாமும் இங்கே கறுப்புச் சட்டை போட்டு நின்றோம். மாநிலம் குறுக்கே வந்தது அப்போது சரி, இப்போது தப்பா?

---

லயத்து மகள் | திங்கள், காலை 8.20

முனியாண்டி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் கடந்து போக வேண்டாம்.

---

பழைய மண்டோர் | திங்கள், மதியம் 1.15

பிள்ளைகளா, எனக்கு எழுபத்து நான்கு வயது. சட்டம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் லயத்துக்குப் பின்னால் சேவக்கட்டு நடக்கும். காலில் கத்தி கட்டி விடுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று குடல் சரிந்து விழும். பந்தயம் ஐந்து வெள்ளியில் ஆரம்பித்து முழுச் சம்பளம் வரைக்கும் போகும். கடைக்கணக்குக் கட்ட வைத்திருந்த காசைப் பெண்கள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். அதையும் தேடி எடுத்துக்கொண்டு வருவான். தோற்ற சேவலின் கோபத்தை வீட்டில் வந்து காட்டுவான். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போதும் சட்டம் இருந்தது. போலீசும் சூதாட்டத்துக்காக எப்போதாவது வரும். வருகிற செய்தி முன்பே தெரிந்துவிடும், சேவலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுவோம். கடைசியில் நிறுத்தியது யார் தெரியுமா? மரம் வெட்டுகிற பெண்கள்தான். ஏழெட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, கட்டு நடக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பேசவே இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த மாதமும் வந்தார்கள். மூன்றாவது மாதம் சேவலைக் கொண்டுவர ஆள் இல்லை.

அந்தப் பெண்களிடம் யாராவது வந்து "உங்களுக்கு இங்கே உட்கார உரிமை இல்லை, மேலே சட்டம் போட்டிருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

சிப்புட்வாசி | திங்கள், இரவு 8.50

மண்டோர் ஐயா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றி.

முனியாண்டி அண்ணனுக்கு என் பதில். இன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பயப்படுவது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவிலேயே ஃபுளோரிடா மாநிலத்தில் ஹையாலியா என்ற நகரம் அப்படிச் செய்தது. சான்டேரியா என்ற வழிபாட்டைச் சேர்ந்தவர்கள் அங்கே கோவில் கட்டப் போவதாக அறிவித்ததும், பலி கொடுப்பதைத் தடை செய்து 1987ல் அவசரமாக விதிகள் போட்டார்கள். வேட்டைக்குத் தடை இல்லை, இறைச்சிக் கூடத்துக்குத் தடை இல்லை, அந்த மக்கள் செய்வதற்கு மட்டும் தடை. 1993ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைத் தூக்கி எறிந்தது. கொடுமையைக் குறி வைக்காமல் ஒரு கூட்டத்தைக் குறி வைத்தார்கள் என்பதுதான் காரணம்.

ஆகவே மேலிருந்து கை வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹையாலியாவில் அந்தக் கை எளியவர்களைக் காப்பாற்ற வந்தது. பிராஸ்டவுனில் வேடிக்கையைக் காப்பாற்ற வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது குறைந்தபட்சச் சம்பளம் மாதிரி. 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் நிர்ணயித்தது. அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம். ஒரு முதலாளி 2,000 கொடுத்தால் யாராவது தடுக்கிறார்களா? பிராணிகள் சட்டமும் அப்படி இருக்கட்டும். நாடாளுமன்றம் சொன்னதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. அதற்கு மேலே ஓர் ஊர் தன் திடலில் இரக்கமாக நடந்துகொள்ள நினைத்தால் விட்டுவிட வேண்டும். "இவ்வளவு இரக்கம் போதும், இதற்கு மேல் கூடாது" என்று வரம்பு கட்டுவது எனக்கு ஏற்க முடியாத ஒன்று.

ஜல்லிக்கட்டு பற்றி. நானும் கறுப்புச் சட்டை போட்டவன்தான், அதற்காக வருந்தவில்லை. மாட்டைக் குழந்தை மாதிரி வளர்க்கிறவர்கள் பக்கம் நின்றோம். அந்த விதிகளிலேயே மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவர் மாட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. வட கரோலினா சட்டத்தில் அந்த ஐந்து நாளைக்கு ஒபோசம் தொடர்பாக எந்த விதியுமே இல்லை. ஆனாலும் வாடிவாசலில் மாடு பயப்படுவதில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்த விஷயத்தில் என் மனம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

---

ஈப்போ ரயில் | திங்கள், இரவு 9.30

ஸ்பெயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டலோனியா வட்டார மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, 2010ல் தங்கள் வட்டார நாடாளுமன்றத்தில் காளைச் சண்டையைத் தடை செய்தார்கள். 2013ல் ஸ்பெயின் நாடாளுமன்றம் அதை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் போட்டது. 2016ல் அரசியலமைப்பு நீதிமன்றம், பண்பாட்டு விஷயத்தில் வட்டாரம் தடை போட முடியாது என்று கட்டலோனியாவின் தடையை ரத்து செய்துவிட்டது.

ஆனால் கொலம்பியாவில் வேறு கதை. 2012ல் பொகோட்டா நகர மேயராக இருந்த குஸ்தாவோ பெட்ரோ நகரத்தின் அரங்கில் காளைச் சண்டையை நிறுத்தினார். அரசியலமைப்பு நீதிமன்றம் திறக்கச் சொன்னது, 2017ல் மறுபடி நடந்தது. அதே பெட்ரோ பிறகு நாட்டின் அதிபரானார். 2024ல் நாடு முழுவதும் தடை என்று சட்டம் நிறைவேறி, அவரே கையெழுத்துப் போட்டார். 2027ல் முழுதாக அமலுக்கு வரும். அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நகரம் கேட்டுத் தோற்றது அது.

---

கோழிக்கூண்டு | திங்கள், இரவு 9.48

சரவாக் மாநிலத்தில் காவாய் அறுவடைப் பண்டிகையின்போது அனுமதி வாங்கிச் சேவல் சண்டை நடத்துவார்களே. அதையும் தடை செய்யச் சொல்வீர்களா அண்ணே? அது அவர்கள் சடங்கு.

---

சிப்புட்வாசி | திங்கள், இரவு 10.05

அது அவர்கள் ஊர், அவர்கள் பேசி முடிவெடுக்கட்டும் தம்பி. அவர்களில் ஒரு லாங்ஹவுஸ் (பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள வீடு) "எங்கள் வீட்டு முற்றத்தில் வேண்டாம்" என்று சொன்னால், அதை யாரும் தடுக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

---

கிராணி வீட்டுப் பெண் | செவ்வாய், இரவு 8.15

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி தோன்றுகிறது. துணைச் சட்டம் வேண்டும் என்று கேட்டால் மாநிலம் உறுதிப்படுத்த வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, வார்த்தைகள் அகலமாகப் போய்விட்டால் முனியாண்டி அண்ணன் சொன்ன ஆபத்தும் உண்டு.

ஆனால் திடலையும் மண்டபத்தையும் வாடகைக்கு விடுவது ஊராட்சி மன்றம்தானே? முன்பதிவுப் பாரத்தில் ஏற்கனவே நிபந்தனைகள் இருக்கின்றன: இத்தனை மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, குப்பையை அள்ள வேண்டும், பட்டாசு கூடாது. அங்கே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அவர்கள் இடத்தை அவர்கள் எந்த நிபந்தனையில் விடுகிறார்கள் என்பது மட்டும்தான் இது. கோவில் நிலத்துக்கு இது பொருந்தாது, வீட்டு வாசலுக்கும் பொருந்தாது.

---

சிப்புட்வாசி | செவ்வாய், இரவு 9.20

தங்கச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"இத்திடலில் நடைபெறும் விளையாட்டு, போட்டி எதிலும் உயிருள்ள பிராணிகளைத் துரத்தவோ பிடிக்கவோ பரிசாக வழங்கவோ கூடாது. வழிபாட்டுச் சடங்குகளுக்கு இது பொருந்தாது."

முனியாண்டி அண்ணே, இரண்டாவது வரி உங்களுக்காகச் சேர்த்தது.

---

முனியாண்டி பிள்ளை | செவ்வாய், இரவு 10.02

அந்த வரியை எடுத்துவிடுங்கள் தம்பி. உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் அப்படி எழுதினால், படிக்கிறவர் "என்ன சடங்கு, எங்கே நடக்கிறது?" என்று கேட்க ஆரம்பிப்பார். முதல் வரியில் விளையாட்டு, போட்டி என்று தெளிவாக இருக்கிறது. கிடா வெட்டு விளையாட்டு இல்லை, அதில் பரிசும் இல்லை. அது போதும்.

முதல் வரி மட்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கோவில் குழுவில் இன்னும் பதினைந்து பேரைக் கேட்டுப் பார்க்கிறேன். எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

---

சிப்புட்வாசி | செவ்வாய், இரவு 10.10

எடுத்துவிட்டேன் அண்ணே. மிக்க நன்றி.

---

பழைய மண்டோர் | புதன், காலை 6.40

இந்த வருடம் பொங்கல் குழுவில் என் மருமகன் இருக்கிறான். வாத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார்களாம், முன்பணமும் கொடுத்தாயிற்றாம். நேற்று இரவு அவனிடம் பேசினேன். பிள்ளைகள் கேட்பார்களே என்கிறான். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்புட்வாசி தம்பி, உங்கள் மகளை ஒரு நாள் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அவள் கேட்டதை அவனிடமே நேரில் கேட்கட்டும்.

---

லயத்து மகள் | புதன், காலை 7.15

கையெழுத்துத் தாளை நான் அச்செடுக்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாசார் முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். அடையாள அட்டை எண்ணும் எழுத வேண்டும் என்பதால் எல்லோரும் பேனா கொண்டு வாருங்கள், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.